ஹட்டனில் ட்விஸ்ட் வகுப்பு: பழக்குபவர் சரி, தரைதான் சரியில்லை

இலங்கை மலையகத்து ஹட்டனில் ட்விஸ்ட் என்ற ஆட்டத்தைப் பழக்கும் வகுப்பு இது. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம், ஆளுக்கு 800 ரூபா. வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். றேடியோ சிலோனில் கேட்ட பாட்டுகளுக்கு இப்போதாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களை அங்கே கூட்டி வருகிறது. மற்றப் பாதி அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

அமெரிக்கப் பாடகர் ஹேங்க் பலார்டின் ‘த ட்விஸ்ட்’ பாட்டை 1960இல் சபி செக்கர் என்ற இன்னொரு பாடகர் திரும்பப் பாடிய பிறகுதான் இந்த ஆட்டம் உலகம் சுற்றியது. அவருடைய அதே இசைத்தட்டு 1960இலும் 1962இலும் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கைகோக்க வேண்டாம், ஜோடியும் வேண்டாம். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் கலியாண வீட்டிலும் கூச்சமில்லாமல் ஆடலாம்.

பழக்குபவர் முதல் அரை மணித்தியாலம் பாட்டே போடுவதில்லை. அது மிகச் சரி. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒன்றைச் சற்று முன்னே தள்ளி, முழங்காலை இளக்கி, பாரத்தை முன்பாதத்துக்குக் கொண்டு வர வேண்டும். குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். சிகரெட் துண்டைக் காலால் நசுக்குவது போல முன்பாதம் திரும்ப, இடுப்பு ஒரு பக்கம், மடித்த கைகள் எதிர்ப்பக்கம். பாரம் குதிகாலில் நின்றால் பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுதும் முழங்காலுக்கு ஏறும். அவர் ஒவ்வொருவரின் குதிகாலையும் குனிந்து பார்க்கிறார். இப்படிப் பொறுமையாகப் பழக்குகிறவர்கள் குறைவு.

குறை தரையில்தான். வெறும் சீமெந்து, மெழுகில்லை. ரப்பர் அடி வைத்த சப்பாத்து அதில் ஒட்டிப் பிடிக்கிறது. இரண்டாவது பாட்டிலேயே முழங்கால் வலி தொடங்கிவிடும். போன மாதம் யாரோ முகப் பவுடர் தூவினார்கள். மழை நாளில், மூடுபனி ஈரத்தோடு சேர்ந்து ஒரு மூலை வழுக்க, மறு மூலை பிசுபிசுத்தது. பழைய பங்களாக்களில் செய்வது போல சிவப்புப் பொலிஷ் போட்டு நன்றாகத் தேய்த்து, ஒரு நாள் காய விட்டாலே போதும். அதுவரை தோல் அடிச் சப்பாத்து கொண்டு போங்கள். வெறும் காலுறையோடு ஆட வேண்டாம். பின்னால் சாயும்போது விழுவீர்கள்.

இன்னொன்று, பாட்டு இழுபடுகிறது. தட்டு பழசு என்கிறார்கள், காரணம் அதுவல்ல. ரெக்கோர்ட் பிளேயர் அமெரிக்காவிலிருந்து வந்தது, 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த மோட்டார். ஹேர்ட்ஸ் என்பது மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு, இந்த மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. ட்ரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், நம்முடைய 50 ஹேர்ட்ஸை மாற்றாது. அதனால் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 37.5 சுற்றில்தான் ஓடுகிறது. நிமிடத்துக்கு 150க்கு மேல் வர வேண்டிய தாளம் 130க்கு இறங்கி, பாடகரின் குரலும் தடிக்கிறது. மோட்டார் தண்டில் 50 ஹேர்ட்ஸுக்கான சற்றுப் பெரிய கப்பி (பெல்ட் ஓடும் சில்லு) போட்டால் தீர்ந்தது. பெல்ட்டையும் மாற்றட்டும், தளர்ந்திருக்கிறது.

கடைசிக் கால் மணித்தியாலம் பைலா, இலங்கையின் துள்ளல் பாட்டும் ஆட்டமும். அது 6/8 தாளம், ட்விஸ்ட் 4/4. இரண்டுக்கும் இடையில் இரண்டு நிமிடம் நிறுத்தி, தாளத்தைக் கைதட்டிக் காட்டினால் நல்லது. இப்போது ஒரே மூச்சில் மாற்றுவதால் புதியவர்களின் கால் தடுமாறுகிறது. ட்ரிப் பஸ்ஸில் பைலா ஆடிப் பழகிய அக்காமார் மட்டும் தடுமாறுவதில்லை. அவர்களுக்குப் பின்னால் நின்று கால்களைப் பார்த்து ஆடுங்கள்.