பறவை நோக்கப் பைனாகுலர்: இணையத்தில் வாங்கியதும் கடையில் வாங்கியதும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் வேடந்தாங்கலிலும் பறவை பார்ப்பதற்காக இதுவரை இரண்டு பைனாகுலர்கள் வாங்கியிருக்கிறேன். முதலாவதை இணையத்திலும் அடுத்ததைச் சென்னையில் ஒரு கேமரா கடையிலும் வாங்கினேன். கண்ணாடி அணிபவன் என்பதால் இரண்டிற்கும் இடையே நான் கண்ட வேறுபாடு பெரிது.

இணையத்தில் நான் தேர்ந்தெடுத்தது 10×50, அதாவது 10 மடங்கு உருப்பெருக்கமும் 50 மி.மீ. முன்வில்லையும் கொண்டது. உருப்பெருக்கமும் முன்வில்லையின் விட்டமும் விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தன. கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தால் காட்சி முழுமையாகத் தெரியும் என்பது மட்டும் எங்கும் இல்லை. கண்ணாடி அணிபவர்களுக்கு அந்தத் தூரம் குறைந்தது 15 மி.மீ. வேண்டும். எனக்கு வந்த கருவியில் அது போதாததால், காட்சியின் ஓரமெல்லாம் இருண்டு, நடுவிலிருந்த சிறு வட்டம் மட்டுமே தெரிந்தது. அதைவிட மோசமான குறை ஒன்றும் இருந்தது. அனுப்பும் வழியில் எங்கோ விழுந்து, உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடித் துண்டான பட்டகம் இடம் பெயர்ந்திருக்க வேண்டும். இரு குழல்களின் காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நம் கண்கள் அந்தப் பிழையைத் தாமே சரிசெய்ய முயல்வதால் முதல் சில நிமிடங்களில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் கழித்துத்தான் தலைவலி வரும். விற்பனையாளர் மாற்றித் தந்தார் என்றாலும், வலசைப் பறவைகள் வந்திருந்த தை மாதத்தில் இரண்டு வாரங்கள் வீணாயின.

இணையத்தில் வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், தொலைவிலுள்ள மின்கம்பியையோ மாடியின் விளிம்பையோ பார்த்தபடி கருவியைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்க வேண்டும். கோடு இடக்கண்ணிலும் வலக்கண்ணிலும் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

சில ஆயிரம் ரூபாய்க்கு ‘60×60’ என்று விற்கப்படுபவற்றை யாரும் வாங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5.25 மி.மீ. ‘60×60’ என்பது உண்மையானால் கிடைப்பது வெறும் 1 மி.மீ., காட்சி மங்கலாகவே இருக்கும்; கையில் பிடித்து 60 மடங்கில் பார்ப்பதோ நடக்காத காரியம்.

கடையில் தேர்வு குறைவு. நான் போன இடத்தில் நான்கே மாதிரிகள் இருந்தன, விலையும் இணையத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் கடைக்காரர் கேட்டவுடன் நான்கையும் வாசலுக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தார். குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கருவிகளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் இது மிகவும் முக்கியம். எதிர்க் கட்டடத்தின் நிழலடைந்த மூலையில் அமர்ந்திருந்த புறாவின் கழுத்து நிறத்தை ஒவ்வொன்றிலும் பார்த்து, நிக்கான் மொனார்க் எம்5 8×42 கருவியை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றாமலே அதில் முழுக் காட்சியும் தெரிகிறது. 630 கிராம் எடையும் கழுத்தை வருத்துவதில்லை. ஒருவருடைய நேரத்தையும் பொறுமையையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சிறு விலை வேறுபாட்டுக்காக வேறிடத்தில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முக்காலியில் பொருத்திப் பார்க்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பொறுத்தவரை கடைகளும் அதிகம் உதவுவதில்லை, ஏனெனில் அதை இருப்பில் வைத்திருக்கும் கடைகளே அரிது. கோடியக்கரையின் சேற்றுப் பரப்பில் தொலைவில் மேயும் சிறு கரைப்பறவைகளான கொசு உள்ளான்களின் இனத்தை அறிய, அவற்றின் கால்கள் கறுப்பா, மஞ்சள் சாயல் கொண்டவையா என்று பார்ப்பதற்கு ஸ்கோப் இல்லாமல் முடியாது. ஆனால் வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் கானல், உயர்ந்த உருப்பெருக்கத்தைப் பயனற்றதாக்கிவிடும். 20 முதல் 60 மடங்கு வரை செல்லும் கருவியிலும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நான் பெரும்பாலும் 30-ஐத் தாண்டுவதில்லை. இதை எந்த விற்பனைப் பக்கமும் சொல்லாது, கடை வாசலில் நின்றாலும் தெரியாது. பறவை நோக்கும் குழுவோடு ஒரு முழுக் காலைப்பொழுது களத்திற்குச் சென்று, நண்பர்களின் நேர்க்குழல் ஸ்கோப்பிலும், கண்வில்லை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் சாய்குழல் ஸ்கோப்பிலும் மாறி மாறிப் பார்த்த பிறகே, சாய்குழல்தான் எனக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன். உயரம் வேறுபட்டவர்கள் முக்காலியைத் திருத்தாமலே அதில் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது. மாதிரி உறுதியான பின், அதை இணையத்திலேயே வாங்கினேன்; பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் காணொளி எடுத்துக்கொண்டேன்.