கோல சிலாங்கூர்: குரங்கு மலைக்குக் கீழேயும் பார்க்க இருக்கிறது

கோல சிலாங்கூர் என்றால் நம்மவர்களுக்குக் குரங்கும் நண்டும்தான். லத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து வருவார்கள், புக்கிட் மெலாவாத்தி மலையில் பிள்ளைகளைக் குரங்கோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள், பாசிர் பெனாம்பாங் கடல் உணவுக் கடைகளில் ஒரு பிடி பிடிப்பார்கள், இருட்டுவதற்குள் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். புக்கிட் ரோத்தான் சக்தி கோயிலுக்குப் பேருந்து பேருந்தாக வருகிறவர்களும் அப்படித்தான். ஊரில் இருக்கும் நல்ல சரக்கு இரண்டையும் விட்டுவிட்டுப் போகிறார்களே என்பது என் ஆதங்கம். ஒன்று, மலையடிவாரத்து இயற்கைப் பூங்கா. இன்னொன்று, கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் போய்ப் பார்க்கும் மின்மினிகள்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். 2007-இல் ஊரின் பெயர் மாறிவிட்டாலும் எங்கள் அம்மாவுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பள்ளி விடுமுறை வந்தால் வேன் சும்மா நிற்கும், சொந்தக்காரர் பிள்ளைகள் யாராவது வந்து இறங்குவார்கள், உடனே கிளம்பிவிடுவோம். இந்த முறை தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேர், அண்ணி, அப்புறம் அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பால்மரம் சீவியே தேய்ந்துபோன முட்டி. ஆக, வாண்டுகளும் வயதானவர்களும் ஒரே வண்டியில் போகிற குடும்பத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளவட்டங்கள் எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கிக்கொள்வார்கள்.

முதலில் பூங்கா. தாமான் அலாம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். 1987-இலிருந்து இருக்கிறது, பல ஆண்டுகளாக மலேசிய இயற்கைக் கழகம் பார்த்துக்கொண்ட இடம். மலைமேல் டிராமுக்கு வரிசை பிடித்து நிற்கிற நேரத்தில் இங்கே காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான். உள்ளே ஓர் ஏரி, பறவை பார்க்கக் கோபுரங்கள், கடற்கரைப் பக்கமாகப் போனால் சதுப்புநிலக் காடு. எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முகப்பிலேயே கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், முட்டிவலிக்காரர்களுக்கு வீண் நடை மிச்சம்.

இங்கே வர நேரம் பார்க்க வேண்டும். மணி பத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும், விலங்குகளும் நம்மைப் போலவே நிழல் தேடிப் படுத்திருக்கும். பிற்பகல் நான்கை ஒட்டி வாருங்கள். இன்னொன்று, கடல் வற்றும் நேரமா என்று கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறியிருந்தால் வெறும் மரங்கள்தான். வற்றினால்தான் சேறு தெரியும், கூத்து முழுக்க அந்தச் சேற்றில்தான்.

சின்னவன் வந்த வேகத்தில், “மாமா, இங்க ஒண்ணுமே இல்ல” என்றான். சரி, அப்படியே உட்கார் என்று உட்காரவைத்தேன். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் நண்டெல்லாம் வளைக்குள் போய்விடும், நாம் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண் நண்டைக் கூப்பிடுவதும் அதால்தான், பக்கத்து வளைக்காரனை மிரட்டுவதும் அதால்தான். சாப்பிடுவது மற்ற சின்னக் கொடுக்கால். சேற்றை அள்ளி வாயில் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாகக் கீழே வைக்கும். அந்த உருண்டைகள் வளையைச் சுற்றிப் பரவிக் கிடக்கும். அதற்குப் பக்கத்திலேயே தெம்பாக்குல் மீன், முன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. தோலில் ஈரம் இருக்கிறவரை அது தண்ணீருக்கு வெளியிலும் மூச்சு விடும். மீன் எப்படி நடக்கும் என்று சின்னவன் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டான். ஒண்ணுமே இல்லை என்றவனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கழுத்தில் தொலைநோக்கி மாட்டியவர்கள் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வருவார்கள், வடக்கே குளிருக்குத் தப்பி வரும் பறவைகளுக்காக. மற்ற மாதங்களிலும் கொக்கும் மீன்கொத்தியும் உண்டு. கொசுவும் உண்டு, தாராளமாக. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சிலுவார் போட்டுக்கொண்டு வாருங்கள். உள்ளே கடை கிடையாது என்று நினைத்துத் தண்ணீரைக் கையோடு எடுத்து வருவது நல்லது.

அடுத்து, புக்கிட் மெலாவாத்தி. இதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிச் சாம்பல் நிறத்தில், குட்டியோடு உட்கார்ந்திருப்பவை லோத்தோங் குரங்குகள். குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், சில மாதங்களில் தாயைப் போலச் சாம்பலாகிவிடும். இவை சாதுவானவை, இலை தின்கிறவை. வயிறும் அதற்கேற்ற வயிறு. ரொட்டியும் கெரோப்போக்கும் கொடுத்து அவற்றைக் கெடுக்காதீர்கள். பையைப் பிடுங்குவது கெரா, நீண்ட வால் குரங்கு. அது வேறு சாதி. அண்ணி கையிலிருந்த கச்சான் பொட்டலம் போனது அதனிடம்தான். உச்சியில் இருக்கும் கலங்கரை விளக்கம் 1907-இல் கட்டியது. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்த மலைமேல் இருந்த கோட்டையைப் பிடித்து, ஆல்திங்ஸ்பர்க் என்று தங்கள் கவர்னர் ஜெனரல் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அடித்துத் துரத்திவிட்டார். பெயர் மட்டும் கலங்கரை விளக்கத்துக்கு ஒட்டிக்கொண்டது. வாரக் கடைசியில் கார் மேலே போகாது, டிராம்தான். அம்மா மாதிரி முட்டிக்காரர்களுக்கு அது வசதியே.

சாப்பாட்டைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. ஒரு கடையில் நண்டுக்கு விலை எழுதாமல், கேட்டபோதும் மழுப்பிவிட்டு, பில்லில் மட்டும் கணக்கை ஏற்றியிருந்தார்கள். விலை போட்ட கடையாகப் பார்த்து உட்காருங்கள், அவ்வளவுதான்.

இப்போது மின்மினிக்கு வருகிறேன். இதற்கு நேரம் மட்டும் போதாது, நாள் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைக் கிழிப்பதோடு சரி என்று இருக்கிறோமே, அதுதான் இங்கே கை கொடுக்கும். நிலா வெளிச்சம் இருந்தால் மின்மினி எடுபடாது. வளர்பிறையில் இருட்டும்போதே நிலா மேலே நிற்கும். பௌர்ணமி கேட்கவே வேண்டாம். தேய்பிறையில் பஞ்சமி, சஷ்டி தாண்டிவிட்டால் நிலா உதிக்கவே இரவு நெடுநேரம் ஆகும், நமக்கு எட்டு மணிக்குக் கும்மிருட்டு கிடைத்துவிடும். அமாவாசைதானே இன்னும் நல்லது என்பீர்கள். இருட்டுக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அன்றைக்கு மரக்கறி. அவ்வளவு தூரம் வந்து கடல் உணவுக் கடை வாசலில் சோயா பால் குடித்துவிட்டுத் திரும்ப யாருக்கு மனம் வரும்? அதனால் நான் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே பார்த்துக்கொள்வேன். மழை பெய்தால் எந்தத் திதியும் உதவாது. படகை எடுக்க மாட்டார்கள்.

கம்போங் குவாந்தான் துறை, கோல சிலாங்கூரிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழியிலேயே இருக்கிறது. சிறிய மரச் சம்பான், நான்கு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. எஞ்சின் கிடையாது, கம்பத்து ஆள் துடுப்புப் போடுகிறார். லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள். ஏறும்போது சம்பான் ஆடும். அம்மா ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றார். படகுக்காரர், “பெலான்-பெலான், மாக்சிக்” (மெதுவாக, அம்மா) என்று கையை நீட்டினார். “தாக் அப்பா, சாயா தாக் தாக்குட்” (பரவாயில்லை, எனக்குப் பயமில்லை) என்று அம்மா சொன்னார். சொன்னவர் அவர் கையை விட்டது உட்கார்ந்த பிறகுதான். இது வேண்டாம், ஆட்டம் இல்லாமல் வேண்டும் என்கிறவர்களுக்குப் புக்கிட் பெலிம்பிங் பக்கம் பெரிய மின்சாரப் படகு இருக்கிறது. குடும்பமாக ஒரே படகில் உட்காரலாம். என் ஓட்டு சம்பானுக்குத்தான். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போவதற்காகத்தானே இவ்வளவு தூரம்?

பூச்சிகள் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் கூடுகின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடத்தில் வளரும் மரம் அது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழகி, ஒரு பெரிய மரத்துக்கு அருகே போனதும், மரம் முழுக்க ஒரே நேரத்தில் எரியும், ஒரே நேரத்தில் அணையும். ஆண் பூச்சிகள் தாளம் தப்பாமல் சேர்ந்து மின்னுவதால் அப்படி. பெரியவள், “யார் மாமா சுவிட்ச் போடுறது?” என்றாள். படகுக்காரர் கிளைக்கு அடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்று அம்மாவின் முந்தானையில் வந்து உட்கார்ந்தது. நெல்மணி அளவுதான் இருக்கும். வாலில் விளக்கு எரிந்தபோது சேலையின் நூல் தெரிந்தது. யாரும் தொடவில்லை, அதுவே பறந்துபோனது. “நாலரை மணிக்கு மரம் சீவப் போறப்ப ரெண்டு மூணு பறக்கும். இத்தனைய நான் பார்த்ததில்லடா” என்றார் அம்மா. இத்தனை வருடமாக அரை மணி நேரத் தொலைவில் குடியிருந்தவர்.

படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் நிறையச் சொல்வார், மலாய் தெரிந்தவர் ஒருவரை அவர் பக்கம் உட்காரவையுங்கள். மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது என்றார். மின்மினியின் புழு மரத்தில் இருப்பதில்லை. கரைக்குப் பின்னால் நிப்பா, சாகு பனைகள் வளர்ந்த ஈர மண்ணில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆற்றோரம் வரைக்கும் வெட்டிச் செம்பனை நட்டால் புழுவுக்குச் சாப்பாடு போச்சு. எங்கள் வீட்டுச் சோறு மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் வந்ததுதான், ஆகவே செம்பனையைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் ஆற்றங்கரையில் கொஞ்சம் விட்டு நடலாம், குறைந்துபோவது ஒன்றும் இல்லை.

கைப்பேசி வெளிச்சம், கேமரா பிளாஷ் இரண்டும் வேண்டாம். படம் எப்படியும் கறுப்பாகத்தான் வரும். கொசு மருந்தைப் படகில் வைத்து அடிக்காதீர்கள், பூச்சிக்கு அடிக்கிற மருந்து கொசுவுக்கும் மின்மினிக்கும் வித்தியாசம் பார்க்காது. துறையில் இறங்கும் முன்பே தடவிக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை என்னைக் கேட்டால் கூட்டிப்போக வேண்டாம் என்பேன்; இருட்டில் அழ ஆரம்பித்தால் பக்கத்துச் சம்பான்காரர்களுக்கும் சேர்த்துத் தண்டனை.

கடல் வற்றும்போது தெரியும் மணல்திட்டான ஸ்கை மிரரையும் அதே நாளில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். அது கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் கிளம்புகிற பயணம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டித்தான் தோதுப்படும், அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

படகு முடிந்து எங்கள் ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் மெதுவாக ஓட்டுங்கள். இரவில் தோட்டத்து மாடுகள் சூட்டுக்காகத் தார் ரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு கிட்டே போகும்வரை தெரியாது, ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காது. இறங்கிப்போய்த்தான் விரட்ட வேண்டும்.