டைம் அண்ட் டிஸ்டன்ஸுக்குனு தனியா நடத்துற ஞாயிறு கிளாஸ் - போயிட்டு வந்து எழுதுறேன்

குரூப் 4க்கும் ரயில்வேக்கும் சேர்த்துதான் படிச்சிட்டிருக்கேன். குரூப் 4ல 200 கேள்வில ஆப்டிட்யூட் 25தான், ஆனா ரயில்வே என்டிபிசி (கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி வேலைக்கான பரீட்சை) முதல் தேர்வுல 100க்கு 30 கணக்கு, தப்பா போட்டா மூணுல ஒரு பங்கு மார்க் வேற போயிரும். வட்டி, சதவீதம் எல்லாம் எனக்கு எப்படியோ வந்துரும், ரயில் பாலத்தைக் கடக்குதுன்னு கேள்வி ஆரம்பிச்சாலே கை நின்னுரும்.

இதுக்கு முன்னாடி காசு கட்டி ஒரு ஆன்லைன் கோர்ஸ் பார்த்தேன், பேர் வேண்டாம். முழுக்க ஷார்ட்கட். இருபதுக்கு மேல ஃபார்முலா குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க, நானும் பண்ணேன், ஆனா கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா எந்த ஃபார்முலானு தெரியாம முழிச்சேன். ஒரு வருஷம் அதுலயே போச்சு, இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

இந்த கிளாஸ் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடி ஹால்ல நடக்குது. ரிட்டையர் ஆன ஹைஸ்கூல் கணக்கு சார்தான் எடுக்கிறார். நாலு ஞாயிறு, காலைல 10லேர்ந்து 1 வரைக்கும், 800 ரூபா. முதல் நாள் ஃபார்முலாவே கிடையாது. போர்டுல தூரம், வேகம், நேரம்னு மூணு கட்டம் போட்டார், எத்தனை பயணமோ அத்தனை வரிசை. தெரிஞ்சதை எழுது, தெரியாததுல ஒண்ணை மட்டும் எக்ஸ்னு வை, மூணாவது கட்டம் தானா வந்துரும்னார். அவ்ளோதான், நாலு வாரமும் இதேதான்.

ஒரு கணக்கு சொல்றேன். 4 கிமீ வேகத்துல நடந்தா ஆபீஸுக்கு 10 நிமிஷம் லேட்டு, 5 கிமீ வேகத்துல நடந்தா 5 நிமிஷம் முன்னாடியே போயிரலாம், தூரம் எவ்ளோ? தூரம் எக்ஸ், நேரம் முதல் வரிசைல எக்ஸ்/4, ரெண்டாவதுல எக்ஸ்/5. ரெண்டுக்கும் வித்தியாசம் 5 நிமிஷம்னு எழுதிட்டேன். சார் திட்டல. ஒரு கோடு போட்டு நடுவுல ஆபீஸ் நேரத்தைக் குறிச்சு, "பத்து இந்தப் பக்கம், அஞ்சு அந்தப் பக்கம், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எவ்ளோம்மா?"னு கேட்டார். 15! பக்கத்துல ஒரு தம்பி அந்த 15ஐ அப்படியே போட்டு 300 கிமீனு விடை சொன்னான், "நாலு கிமீ வேகத்துல 300 நடந்தா எத்தனை மணி நேரம் தம்பி?"னார், அவனே 75னு சொல்லிட்டு அடிச்சிட்டான். வேகம் மணிக்கணக்குல இருக்கிறப்ப நிமிஷத்தையும் மணியாக்கணும், 15 நிமிஷம்னா 1/4. எக்ஸ்/4ல எக்ஸ்/5ஐக் கழிச்சா எக்ஸ்/20, எக்ஸ்/20 = 1/4, தூரம் 5 கிமீ. ஒண்ணே கால் மணி நேரம், ஒரு மணி நேரம்னு திருப்பிப் போட்டுப் பார்த்தா சரியா வருது.

இன்னொண்ணு, ஒரே தூரம், போறப்ப 40 கிமீ வேகம், வர்றப்ப 60, மொத்தம் 5 மணி நேரம். எக்ஸ்/40 + எக்ஸ்/60 = 5, எக்ஸ் 120. சராசரி வேகம் எவ்ளோனு கேட்டதுக்கு ஹாலே 50னு கத்துச்சு. கட்டத்தைப் பாருங்கனார், போறதுக்கு 3 மணி, வர்றதுக்கு 2 மணி, மெதுவா போன நேரம்தான் அதிகம், 240ஐ 5ஆல வகுத்தா 48. ஆன்லைன் கோர்ஸ்ல சராசரி வேகத்துக்கு 2ஏபி/(ஏ+பி)னு (ஏ, பி ரெண்டும் போற, வர்ற வேகம்) மனப்பாடம் பண்ணது எதுக்குனு அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சது, நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு.

குறைன்னா, எதிரெதிரா வர்ற ரயில், படகு-ஆறு ரெண்டையும் கடைசி வாரம் அவசர அவசரமா முடிச்சிட்டாங்க, அதுக்கு இன்னும் ஒரு ஞாயிறு வேணும். ஜெராக்ஸ் ஷீட்டுல விடை ரெண்டு இடத்துல தப்பு. 150 மீட்டர் ரயில் 250 மீட்டர் பாலத்தை 20 செகண்ட்ல கடக்குது, வேகம் எவ்ளோங்கிற கணக்குக்கு 45னு போட்டிருக்கு. பாலத்தோட ரயில் நீளத்தையும் கூட்டி 400, செகண்டுக்கு 20 மீட்டர், 18/5ஆல பெருக்கினா மணிக்கு 72 கிமீ, அதான் சரி. ரயில் நீளத்தை விட்டா வர்றதுதான் அந்த 45. காட்டினதும் சார் உடனே திருத்திக்கிட்டார்.

ஆரம்பத்துல ஒரு கணக்குக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், பயப்படாதீங்க, மூணாவது வாரத்துலேர்ந்து எனக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள வருது. அறுபது பேர் உட்கார்ற ஹால், ஒரே மைக், கடைசி பெஞ்சுக்கு போர்டு தெரியாது, 9.30க்கே போய் முன்னாடி இடம் பிடிச்சிருங்க.