குடியிருப்புப் பகுதியின் சூட்டை அளக்க லேண்ட்சாட்டா, மோடிஸா?

ஒரு குடியிருப்புப் பகுதியில் பசுமைக்கும் தரையின் சூட்டுக்கும் உள்ள தொடர்பைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்க, இரண்டையும் அளக்க வேண்டும். பசுமையை அளக்க அதிகம் யோசிக்க வேண்டாம். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 போதும். இலவசம், சிவப்பு, அண்மை அகச்சிவப்பு இரண்டு பட்டைகளும் (உணரி தனித்தனியே பதியும் அலைநீள வரம்புகள்) 10 மீட்டர் பிக்சலில் கிடைக்கின்றன. அந்த இரண்டிலிருந்தும் என்டிவிஐ (பசுமையைக் காட்டும் குறியீட்டு எண்) போட்டால் சாலையோர மரவரிசைகூடத் தெரியும். ஆனால் அதில் வெப்பப் பட்டை கிடையாது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் உணரி பகலிலும் இரவிலும் தரை வெப்பநிலையைத் தருகிறது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் வெப்பப் பிக்சல் 1 கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர். நீங்கள் பார்க்கும் பகுதி 50 ஹெக்டேர் என்றால் அரைப் பிக்சல்தான். பூங்கா, குளம், பேருந்து நிலையம் எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடும். நகரத்தையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் ஒப்பிட அது சரி. தெருக்களை ஒப்பிட உதவாது.

நான் தேர்ந்தெடுத்தது லேண்ட்சாட் 8, 9 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களை. இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணி வாக்கில் கடக்கின்றன. மேகம் மறைத்த நாள்களைக் கழித்தால் ஒரு பருவத்துக்குக் கையில் நிற்பவை சில படங்களே. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது பிக்சல் அளவு. கோப்பைத் திறந்தால் வெப்பப் பட்டையும் 30 மீட்டர் என்றே காட்டும். உணரி அளப்பதோ 100 மீட்டரில். 30 என்பது பிறகு மறுமாதிரி எடுத்து, அதாவது கணக்கிட்டுச் சிறு பிக்சல்களாக்கிக் கொடுத்தது. ஏறத்தாழ 11 பிக்சல்கள் ஒரே அளவீட்டின் பங்காளிகள். அவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாக எண்ணி என்டிவிஐயோடு ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) பார்த்தால், மாதிரி எண்ணிக்கை பொய்யாக வீங்கும், முடிவும் அளவுக்கு மீறி உறுதியாகத் தெரியும். அதனால் சென்டினல் பசுமையை 100 மீட்டர் கட்டங்களுக்குச் சராசரியாக்கிவிட்டுத்தான் வெப்பத்தோடு பொருத்துகிறேன். 50 ஹெக்டேருக்குச் சுமார் 50 புள்ளிகளே தேறும். குறைவுதான், ஆனால் நம்பலாம். அரை ஹெக்டேர் பூங்காவின் குளிர்ச்சி மட்டும் பக்கத்து மொட்டைமாடிகளோடு கலந்துதான் வரும், அதற்கு வழியில்லை.

தகரக் கூரைகள் இன்னொரு தொல்லை. பளபளப்பான உலோகத்தின் உமிழ்திறன் (வெப்பத்தைக் கதிராக வெளியிடும் திறன்) குறைவு, அதனால் கை வைக்க முடியாத கூரைகூடப் படத்தில் குளிர்ந்ததாகத் தோன்றும். வெப்பப் படத்தில் தொழிற்பேட்டைக்குள் குளிர்ச்சியைக் குறிக்கும் நீலத் திட்டு தெரிந்தால் மரம் என்று மகிழாமல் என்டிவிஐயைப் பாருங்கள்.

விண்வெளி நிலையத்தில் 2018 முதல் இயங்கும் எக்கோஸ்ட்ரெஸ் என்ற வெப்ப உணரியின் பிக்சல் சுமார் 70 மீட்டர். வெவ்வேறு நேரங்களில் கடப்பதால் பிற்பகலும் இரவும் கிடைக்கும். அதை மேலோட்டமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும் லேண்ட்சாட்தான் எனக்குத் தோது. இரவுச் சூடே உங்கள் கேள்வி என்றால் எக்கோஸ்ட்ரெஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்.