வெப் சாயில் சர்வே: வில்லமெட் பள்ளத்தாக்கின் நீர் வடியாத களிமண்ணை வைத்து ஒரு மதிப்பீடு

ஒரேகன் மாநிலத்தில் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ நிலம் வாங்க எண்ணுகிறவர்கள், பள்ளிக்கூடத்தையும் சாலையையும் விசாரிக்கும் அக்கறையில் பாதியையாவது அந்த நிலத்தின் மண்ணுக்குக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பகுதிகளில் கணினித் துறை வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்போது நகரை விட்டுத் தள்ளி ஓரிரு ஏக்கர் தேடுவதால், அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இலவசமாக நடத்திவரும் ‘வெப் சாயில் சர்வே’ என்ற இணையச் சேவையைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவது பயன்படும் என்று தோன்றியது. 2005இல் தொடங்கப்பட்ட இச்சேவை, நாட்டின் 95 விழுக்காட்டுக்கும் மேலான கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின்) மண் வரைபடங்களையும் அவற்றுக்கான விவரங்களையும் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

ஒரு சேவையின் தரம் கடினமான கேள்வியில்தான் தெரியும். ஆகவே ஒரேகனின் மேற்குப் பகுதியில் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கில் நிலம் வாங்குவோரை அதிகம் ஏமாற்றக்கூடிய மண்ணையே இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் டேட்டன். ஆல்பனியிலிருந்து டேஞ்சன்ட், ஷெட், ஹால்ஸி என்று தெற்கே செல்லும் 99இ நெடுஞ்சாலையின் இருபுறமும் பலகைபோல் சமமாகக் கிடக்கும் லின் கவுண்டி நிலங்களில் பெரும்பகுதி இந்த மண்ணும் இதன் உறவு மண்களும்தாம். ஆகஸ்டில் பார்த்தால் உலர்ந்து, இறுகி, வீடு கட்டுவதற்கென்றே சமப்படுத்தி வைத்ததுபோல் தோன்றும். அதே நிலத்தில் ஜனவரியில் நடந்தால் காலணி முழுதும் நீரில் அமிழும்.

சேவையைப் பயன்படுத்தும் முறை எளிது. முகவரியையோ கவுண்டியின் பெயரையோ கொடுத்து விமானப் படத்தில் அந்த இடத்தை அடைந்து, வேண்டிய நிலத்தைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு வரைய வேண்டும். வரைந்ததும் அந்த எல்லைக்குள் இருக்கும் மண் வகைகள் கோடுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் எத்தனை ஏக்கர், மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்ற பட்டியலோடு வந்துவிடும். பட்டியலில் உள்ள பெயரைச் சொடுக்கினால் அந்த வரைபட அலகின், அதாவது ஒரே பெயரில் பிரித்துக் காட்டப்படும் மண் பகுதியின், விளக்கம் திறக்கும். பெரும்பாலானவர்கள் இந்த விளக்கத்தைக் கடந்து நேராக வண்ண வரைபடங்களுக்குப் போய்விடுகிறார்கள். சேவையின் உண்மையான மதிப்பு இந்த விளக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் நான் இங்கேயே நின்று பேச விரும்புகிறேன்.

டேட்டன் மண்ணின் விளக்கத்தைத் திறந்தால், அது ஆற்றுப்படிகளின் மேல் அமைந்தது, சரிவு 2 விழுக்காட்டுக்கு மேல் போகாது, வடிகால் நிலை மோசமானது என்ற செய்திகள் முதலில் வருகின்றன. ஆற்றுப்படி என்பது, ஆறு இன்று புரளும் தாழ்ந்த படுகைக்கு மேலே, பழைய படிவுகளால் ஆன மேட்டுச் சமதளம். இந்தப் பள்ளத்தாக்கின் படிவுகளுக்குப் பெரிய வரலாறு உண்டு. பனியுகத்தின் இறுதிக் கட்டத்தில், சுமார் 15,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், மான்டானாவில் பனி அணையால் தடுக்கப்பட்டிருந்த மிசூலா ஏரி பல முறை உடைந்து கொலம்பியா ஆற்றின் வழியே பாய்ந்தது. அந்த வெள்ளம் வில்லமெட் பள்ளத்தாக்கிலும் பின்னேறித் தற்காலிக ஏரியாகத் தேங்கி, நுண்ணிய வண்டலை இறக்கிவிட்டுப் போனது. கலங்கிய நீர் அசையாமல் நின்ற இடத்தில் களி படியும். டேட்டன் மண்ணின் குணங்கள் பெரும்பாலும் இப்படி அசையாத நீரில் படிந்த வண்டலிலும் களியிலும் தொடங்குகின்றன.

இனி அடுக்குகள். விளக்கம் சொல்வதை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, உரிமையாளரின் அனுமதியோடு ஒரு புல்வயலின் ஓரத்தில் மண் துளைக்கருவியை இறக்கினேன். முதல் முக்கால் அடி பழுப்பு வண்டல் மண். கையில் உதிர்ந்தது, வேர்கள் நிறைந்திருந்தன, எந்தத் தோட்டக்காரருக்கும் பிடிக்கக்கூடிய மண். அதற்குக் கீழே நிறம் வெளுத்துச் சாம்பலானது. மிளகைவிடச் சிறிய, கரும்பழுப்பான இரும்பு மாங்கனீசு உருண்டைகள் விரலில் நெருடின. நீரில் ஊறியும் உலர்ந்தும் மாறிமாறிக் கிடக்கும் மண்ணில் இரும்பு கரைந்து இடம்பெயர்ந்து திரளுவதால் இவை உண்டாகின்றன. வெளுத்த நிறத்துக்கும் அதுவே காரணம். உள்ளூர் உழவர்கள் இந்நிலத்தை வெள்ளை நிலம் என்று அழைப்பதும் இதனால்தான். பிறகு, படிப்படியான மாற்றம் எதுவும் இல்லாமல், ஒரு விரற்கடை இடைவெளியில் மண் மாறியது. துளைக்கருவி திணறி நின்றது. முறுக்கி எடுத்தபோது வந்தது சாம்பலும் ஆலிவ் பசுமையும் கலந்த களி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நசுக்கித் தள்ளினால் நாடாவைப் போல் நீண்டதே தவிர முறியவில்லை. வேர்கள் அந்தக் களிக்குள் நுழையாமல் கட்டிகளின் முகப்பில் தட்டையாக நசுங்கி ஒட்டியிருந்தன.

மேல்மண்ணுக்கும் களிக்கும் இடையில் உள்ள இந்தத் திடீர் எல்லை, நிலமட்டத்திலிருந்து ஓரடி முதல் இரண்டடி ஆழத்துக்குள் வரும் என்று டேட்டன் மண் தொடரின் விளக்கம் குறிப்பிடுகிறது. நான் கண்டதும் அந்த வரம்புக்குள் இருந்தது. சேவையின் எழுத்து விளக்கத்தை நம்பலாம் என்று எனக்குத் துணிவு வந்தது இதனால்தான்.

இந்த எல்லையைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற எல்லாம் தாமாகவே விளங்கும். பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 40 முதல் 45 அங்குல மழை. அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் வாரக்கணக்கில் விடாத தூறலாகப் பெய்கிறது. இந்தக் களியின் ஊடுருவலைப் பழைய கவுண்டி அறிக்கைகள் மிகமிக மெதுவானது என்ற வகையில் சேர்த்தன; அந்த வகைக்கு மணிக்கு 0.06 அங்குலத்துக்கும் குறைவு என்பது இலக்கணம். இறங்க வழியில்லாத நீர் களியின் மேலேயே, அடியில் துளையில்லாத பூந்தொட்டியில் நிற்பதுபோல் நிற்கிறது. நிலத்தடி நீர் ஆழத்திலிருந்து உயர்ந்து வருவது வேறு. இங்கே மழைநீர் பாதி வழியில் தொங்கி நிற்கிறது. நவம்பர் முதல் மே வரை இந்தத் தொங்கு நீர்மட்டம் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும். சரிவும் இல்லாததால் பக்கவாட்டிலும் நகராது. கோடையிலோ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழையே இல்லாதபடி வானம் காய்வதால், வீங்கிச் சுருங்கும் வகையைச் சேர்ந்த அந்தக் களி வெடித்துப் பிளக்கிறது. குளிர்காலத்தில் வேருக்குக் காற்று இல்லை. கோடையில் களிக்குக் கீழே இருக்கும் ஈரம் வேருக்கு எட்டுவதில்லை. ஒரே நிலம் ஏழு மாதம் சதுப்பு, கோடையில் வறள்.

களிமண் என்றாலே நீர் தேங்கும் என்ற பொதுவான நம்பிக்கை தவறு என்பதையும் இச்சேவை தெளிவாகக் காட்டுகிறது. எல்லைக்கோட்டை மேற்கே குன்றுகளின் மேல் நகர்த்தினால் ஜோரி என்ற செங்களிமண் வருகிறது. 2011இல் ஒரேகனின் மாநில மண்ணாக அறிவிக்கப்பட்டது அதுதான். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான அந்த மண்ணிலும் களியின் பங்கு மிகுதி. ஆயினும் அதன் துகள்கள் திரண்டு உறுதியான சிறு கட்டிகளாக நிற்பதால் நீர் நன்றாக வடிகிறது. திராட்சைத் தோட்டங்கள் அங்கே செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றுப்படியிலேயே கூட, வில்லமெட் என்ற பெயருள்ள மண் நன்கு வடியும். வுட்பர்ன் மிதமாக வடியும். அமிட்டி சற்று மோசம். கான்கார்டும் டேட்டனும் மோசம். இவை அனைத்தும் ஒரே சமவெளியில், கண்ணுக்குத் தெரியாத சில அடி உயர வேறுபாட்டில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஹேசல்நட் மரங்களை வைப்பவருக்கு வில்லமெட், வுட்பர்ன் மண்களுக்கும் டேட்டன் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு, தோப்பு நிலைப்பதற்கும் வேர் அழுகுவதற்கும் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாட்டை இலவசமாக, பத்து நிமிடத்தில் காட்டும் வேறொரு சேவையை நான் அறியேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, வண்ண மதிப்பீடுகள். அடித்தளம் உள்ள வீடு, செப்டிக் டேங்க் கழிவுநீர் வயல் (தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் வடியவிடும் இடம்), சாலை என்று ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நிலத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்துச் சேவை காட்டுகிறது. டேட்டன் நிலம் இவற்றில் சிவப்பாகவே வரும். அது சரிதான். ஆனால் சிவப்பு என்பது அங்கே எதுவும் செய்ய முடியாது என்று பொருள்படாது. செலவும் வடிவமைப்பும் மிகும் என்பதே அதன் பொருள். அதற்கான காரணங்கள் அதே பக்கத்தின் அட்டவணையில் எண்களோடு இருக்கின்றன: நீர் தேங்குவது, ஊடுருவல் குறைவு, வீங்கிச் சுருங்குவது என்று தனித்தனியாக. வரைபடத்தின் நிறம் கண்ணைக் கவர்ந்துவிடுவதால் அட்டவணை வரை போகாதவர் பலர். காரணங்களை வண்ணத்துக்கு முன்னால் வைத்திருந்தால் இச்சேவை இன்னும் பொறுப்புள்ளதாக இருந்திருக்கும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. இந்த வரைபடங்கள் 1:20,000 அல்லது 1:24,000 போன்ற அளவுகளில், அதாவது நிலத்தின் 20,000 அல்லது 24,000 அங்குலம் தாளில் ஓர் அங்குலமாகச் சுருங்கும்படி, தயாரிக்கப்பட்டவை. ஓர் ஏக்கர் மனையை நெருங்கிப் பார்க்கும்போது, இந்த அளவில் வரைபடம் செல்லுபடியாகாமல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை திரையில் வருகிறது. அதை ஒருவரும் படிப்பதில்லை. அதோடு, ஒரு வரைபட அலகில் முதன்மையான மண்ணுடன் வேறு மண்களும் சிறு பங்காகக் கலந்திருக்கும். அமிட்டி என்று பெயரிட்ட நிலத்துக்குள் டேட்டன் திட்டுகள் இருப்பது இயல்பு. சேவையின் மதிப்பீடுகள் பல, நாம் எதையும் மாற்றாதவரை, முதன்மை மண்ணை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு முழு அலகுக்கும் ஒரே நிறம் பூசுகின்றன. நீங்கள் வீடு கட்டப்போகும் இடம் அந்தச் சிறு பங்கின் மேல் அமைந்துவிட்டால் வண்ணம் உங்களைக் காப்பாற்றாது. விருப்பத் தேர்வுகளைத் திறந்து கணக்கிடும் முறையை மாற்றலாம் என்றாலும், அந்தத் தேர்வுகளின் சொற்கள் மண்ணியல் படித்தவருக்கே விளங்கும்.

பக்கத்தின் வடிவமைப்பு பழமையானது. கைப்பேசியில் பயன்படுத்துவது சிரமம். வயலில் நின்றுகொண்டு பார்க்க வேண்டுமானால், டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இதே தரவுகளைக் கொண்டு உருவாக்கிய ‘சாயில்வெப்’ மேலானது. நீங்கள் நிற்கும் இடத்தின் மண் எது என்பதையும், அதன் அடுக்குகளை ஓவியமாகவும் அது காட்டுகிறது. டேட்டன் மண்ணின் வெளுத்த அடுக்கும் அடியிலுள்ள களியும் அதில் ஒரே பார்வையில் புரிந்துவிடும். ஆனால் அச்சிட்டுப் பிறரிடம் கொடுக்கக்கூடிய முழு அறிக்கைக்கு வெப் சாயில் சர்வேதான் வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டித் தரவுகள் புதுப்பிக்கப்படுவதால், பழைய அறிக்கையை வைத்திருப்பவர் மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொள்வது நல்லது.

இம்மண்ணை வெறும் தொல்லையாக மட்டும் பார்ப்பதும் நியாயமாகாது. நீர் நிற்கும் இந்தப் புல்வெளிகளில் ஊதா நிறத்தில் பூக்கும் காமஸ் செடியின் கிழங்கை, இப்பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான கலபூயா மக்கள் தோண்டியெடுத்து, மண்ணடுப்புகளில் சுட்டு முதன்மை உணவாகக் கொண்டிருந்தார்கள். இன்றைய உழவர்களும் மண்ணின் போக்கிலேயே போய், குளிர்கால நீர்த்தேக்கத்தைத் தாங்கும் ரை புல்லை விதைக்காக வளர்க்கிறார்கள். லின் கவுண்டி தன்னை உலகின் புல்விதைத் தலைநகரம் என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் அந்த வயல்களில் ஆடுகள் மேய்வதையும் காணலாம். சேவையின் பயிர் சார்ந்த அட்டவணைகள் இந்தச் செல்வத்தை எடுத்துச் சொல்வதில் மிகவும் சுருக்கமாக இருப்பது எனக்கு வருத்தமே.

வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு அட்டவணை, ஈரநில மண் பற்றியது. டேட்டன் அந்தப் பட்டியலில் உள்ள மண். இதனால் மட்டுமே ஒரு நிலம் சட்டப்படி ஈரநிலம் ஆகிவிடாது. அதற்கு நீரும் தாவரமும் சேர்த்து ஆராயப்படும். ஆனால் ஈரநிலம் என்று முடிவானால், ஒரேகன் சட்டப்படி 50 கன கஜமோ அதற்கு மேலோ மண் கொட்டவோ அகற்றவோ மாநில நிலத் துறையின் அனுமதி பெற வேண்டியிருக்கும். மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொள்ளலாம் என்ற கணக்கோடு விலை பேசுகிறவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். விளக்க உரைக்கு மட்டுமென்றால் ஐந்தும் கொடுப்பேன். அறிக்கைக்கான பக்கங்களைச் சேர்க்கச் சேவை தரும் இலவசக் கூடையில் சேர்த்து அச்சிட வேண்டியவை மூன்று: வரைபட அலகின் விளக்கம், மாதவாரியான நீர்மட்ட ஆழம், கழிவுநீர் வயலுக்கான மதிப்பீட்டின் காரண அட்டவணை. நகரக் கழிவுநீர்க் குழாய் இல்லாத மனைக்குக் கழிவுநீர் அனுமதி தரும் முன் சோதனைக் குழி வெட்டி நிலத்தை ஆய்வு செய்வார்கள். அந்த அதிகாரியிடம் இந்தத் தாள்களோடு சென்று, களி எந்த ஆழத்தில் வரக்கூடும், மேடான பக்கத்தில் அமிட்டியோ வுட்பர்னோ இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டால், குழிகளை நிலத்தின் எந்த மூலையில் வெட்டுவது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.