கட்டுமரமும் கேடமரானும்: பெயர் ஒன்று, படகு வேறு

நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேடமரான்' ஆனது. கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-லேயே இந்தச் சொல்லை எழுதிவிட்டார். ஆனால் இன்று அந்தப் பெயரில் படகுத்துறைகளில் நிற்பது வேறு சாமான்.

கட்டுமரத்துக்கு உள்ளறை கிடையாது. சில மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டினால் அதுதான் முழுப் படகும். மேலே ஏறும் அலை இடுக்கு வழியாகவே இறங்கிவிடும். தண்ணீர் இறைக்கும் வேலை இல்லை. ஆள் நனையாமல் இருக்க முடியாது, அது வேறு விஷயம். மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். அலை உடையும் கரைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கேடமரானில் இணையாக இரண்டு உடல்கள். நடுவே குறுக்குச் சட்டங்கள். இதன் மூதாதை பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணி. நம்மிடம் இரவல் வாங்கியது பெயரை மட்டும்தான்! அகலம் அதிகம் என்பதால் காற்றில் அவ்வளவாகச் சாயாது. டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டே பாய் விரித்துப் படகை ஓட்டலாம். சரி, கவிழ்ந்துவிட்டால்? பெரிய கேடமரானை நடுக்கடலில் நிமிர்த்துவது ஏறக்குறைய நடக்காத காரியம். கட்டுமரம் புரண்டால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.