எல்லா விசையும் அடங்கிவிட்டது, ஸ்பேஸ் பாரைத் தவிர

சைலன்ட் ரெட் என்ற சத்தம் குறைந்த சுவிட்ச் வைத்த என் மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனிச் சுவிட்ச் இருக்கும் வகை) விலை இறங்கியிருக்கிறதாம். வாங்கலாமா என்று தோழி கேட்கிறாள். ஸ்பேஸ் பாருக்கு மறுபடியும் கிரீஸ் போட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டதால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு விசையைத் தட்டினால் எழுவது இரண்டு சத்தம். கீழே போய் இடிக்கும்போது ஒன்று, விரலை எடுத்ததும் மேலே வந்து மோதும்போது இன்னொன்று. முந்தைய கீபோர்டில் கீகேப்புகளுக்கு, அதாவது விசைகளின் மேல்மூடிகளுக்கு, அடியில் ரப்பர் வளையங்கள் மாட்டிப் பார்த்தேன். இடிக்கும் சத்தம் குறைந்தது, மோதும் சத்தம் அப்படியே இருந்தது. இந்தச் சுவிட்சின் தண்டிலேயே சிறிய மெத்தைகள் இருப்பதால் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. அதனால் விசை இறங்கும் தூரம் சாதாரண ரெட் சுவிட்சின் 4 மில்லிமீட்டரிலிருந்து 3.7 ஆகக் குறைகிறது, அடியைத் தொடும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. அந்த மென்மை பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, இரவு நெடுநேரம் மொழிபெயர்த்தாலும் விரல் நுனி வலிப்பதில்லை.

அடியில் விரித்த கம்பளி விரிப்பையும் பாராட்ட வேண்டும். தட்டும் அதிர்வு மேசை வழியாக இறங்கி, அதை ஒட்டிப் போட்டிருக்கும் தங்கையின் கட்டில் வரை போய்க்கொண்டிருந்தது. விரிப்பு வந்த அன்றே அது நின்றுவிட்டது.

இனி ஸ்பேஸ் பார்.

நீளமான விசைகளை எந்த ஓரத்தில் அழுத்தினாலும் சாயாமல் இறங்க வேண்டும் என்பதற்காக, அவற்றின் அடியில் ஸ்டெபிலைசர் என்று ஒரு வளைந்த கம்பி இருக்கிறது. அது தன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் கலகலக்கும். சுவிட்ச் எவ்வளவு சாதுவாக இருந்தும் பயனில்லை, கம்பி அதன் பேச்சைக் கேட்பதில்லை. என்டரும் பேக்ஸ்பேஸும் ஓரளவு பரவாயில்லை. ஸ்பேஸ் பார் மட்டும், பஜனையில் கடைசிவரை தாளம் தப்பாத ஜால்ராவைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தடவை ஒலிக்கிறது. சத்தமான கீபோர்டில் இது இரைச்சலோடு கரைந்துபோயிருக்கும். இங்கே மற்றவை எல்லாம் வாய்மூடி இருப்பதால் இது ஒன்றே அறை முழுக்கக் கேட்கிறது.

தமிழில் சொற்கள் நீளம், இடைவெளி குறைவு. ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கு ஒரு தடவை கட்டை விரல் இறங்கிவிடும். போர்வைக்குள்ளிருந்தே "இன்றைக்கு ஆங்கிலமா, அக்கா?" என்று தங்கை கேட்கிறாள். ஒரு நாளும் தவறாகச் சொன்னதில்லை.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். பெரிய விசைகளில் சிறிது ஒலி இருப்பது இயல்பு என்று பதில் வந்தது. 'சைலன்ட்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள் இந்த இயல்பையும் ஓர் ஓரத்தில் போட்டிருக்கலாம். கம்பியைக் கழற்றிச் சரிசெய்யவும் வழியில்லை: சுவிட்சுகள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன, அத்தனையையும் உருக்கி எடுத்தால்தான் கம்பியை வெளியே எடுக்க முடியும். ஆகவே கீகேப்பை மட்டும் எடுத்துவிட்டு, சிரிஞ்சால் கம்பி முனைகளில் கிரீஸ் விடுகிறேன். சில வாரம் பரம அமைதி. பிறகு மெல்ல மெல்லக் கலகலப்பு திரும்புகிறது. கிரீஸ் கூடிப்போனால் விசை மந்தமாக எழுகிறது, சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன.

எனவே தோழிக்குப் பதில்: வாங்காதே. வீட்டார் தூங்க வேண்டும் என்பது மட்டும்தான் கவலை என்றால், விசைகளுக்கு அடியில் ரப்பர் தாள் வைத்த நல்ல மெம்பிரேன் கீபோர்டே போதும், மடிக்கணினியின் விசைகளே போதும். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எதையும் உருக்காமலே சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட் ஸ்வாப் வகையாகப் பார். கடையில் எழுத்து விசைகளைத் தட்டிப் பார்த்து மயங்காதே. ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரங்களையும் தட்டிக் காது கொடுத்துக் கேள்.

என்னுடையதைப் பாதி விலைக்குத் தருகிறாயா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். தர மாட்டேன்.